ரவுட்டருக்கு எண்ணெய்க் காப்பு

கொட்டாஞ்சேனையில் சவுந்தரநாயகத்தின் மரப் பட்டறையில் யார் பெரிய ஆள் என்று கேட்டால் எல்லாரும் முதலாளியைத்தான் காட்டுவார்கள். காட்டட்டும். பட்டறையும் அவருடையது, வெள்ளவத்தையில் கடல் பார்த்த ஃபிளாட்டும் அவருடையது. ஆனால் சமையலறைக் கபர்ட் செய்விக்க வருகிற சனம், மாதிரிக்கு வைத்திருக்கும் கதவின் விளிம்பை விரலால் தடவி, "வழுவழுவெண்டு இருக்கு" என்று சொல்லி மயங்கி நிற்கிறதே, அந்த விளிம்பு ரஜனி வெட்டியது. அதை அந்தச் சனத்துக்கு ஒருநாளும் ஒருவரும் சொன்னதில்லை. அவளும் அதைக் கேட்டுத் தொங்கினவள் இல்லை.

ரஜனி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். த்ரீவீல் ஓட்டுகிற பிரதீஸைக் கட்டி, மட்டக்குளித் தொடர்மாடி ஒன்றுக்கு வந்து சேர்ந்தவள். பட்டறையில் அவளை எடுத்தது மரத்தூள் கூட்ட. அப்போது ரவுட்டர் மெசினை ஓட்டியவர் ஒஸ்வால்ட். அவர் இத்தாலிக்குப் போன பிறகு ஒருவன் வந்தான். எதிர்ப் பக்கமாகத் தள்ள வேண்டிய மெசினை, அது சுழல்கிற பக்கத்தோடேயே தள்ளித் தள்ளிப் பலகைகளைக் குதறிவிட்டுப் போனான். அடுத்து வந்தவனுக்குக் கண்ணுக்குக் கண்ணாடி போட வெட்கம். கண்ணில் சிராய் ஏறியதும் அவனும் நின்றுவிட்டான். ஒஸ்வால்டின் காலடியில் இவ்வளவு காலமும் தூள் கூட்டியவள் சும்மாவா கூட்டினாள்? பார்த்துப் பார்த்துக் கூட்டினாள். ஓடர்கள் தேங்கி முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டு நின்ற ஒரு நாள், "மொதலாளி, நா ஒருக்கா வெட்டிப் பாக்கவாங்க?" என்று கேட்டாள். மேசைத் தச்சர் முத்துலிங்கம் சிரித்தார். அவள் வெட்டி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ரவுட்டர் என்றதும் வீட்டில் வைஃபைக்கு வைக்கிற பெட்டியை நினைக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இது வேறு. இரண்டு கைப்பிடி, நடுவில் மோட்டர், மோட்டருக்கு அடியில் கொலெட் என்கிற ஒரு இரும்பு வாய். பிட் என்கிற சின்ன வெட்டுக்கத்தியின் காம்பை அந்த வாய் கவ்விப் பிடிக்கும். சுவிட்சைப் போட்டால் பிட் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் சுழலும், பலகையில் தவாளிப்பு என்கிற நீளப் பள்ளம் விழும், பூ விழும், விளிம்பு வளையும். எல்லாம் அந்தக் கவ்வலில்தான் இருக்கிறது. காம்பு கொஞ்சம் வழுக்கினால் போதும், பிட் தன்பாட்டில் கீழே இறங்கிப் பலகையை ஆழமாகக் கொத்தும், மெசின் கையை உதறிக்கொண்டு துள்ளும்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் ரஜனி மெசினுக்குக் கிட்ட ஒருவரையும் அண்டவிடமாட்டாள். வேலை முடிந்ததும் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குவாள். சுவிட்சை நிறுத்தினால் போதாதா என்று கேட்பவர்களை ஒரு பார்வை பார்ப்பாள், கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். பிறகு ஸ்பனரால் நட்டைத் தளர்த்தி, பிட்டைக் கழற்றி, தின்னரில் நனைத்த துணியால் பிசினைத் துடைப்பாள். கொலெட்டின் உள்பக்கத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தூளை ஊதுவாள். மறுநாள் காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்துத்தான் பிட்டைப் பூட்டுவாள். எண்ணெய் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. "மத்த மெசினுக்கெல்லாம் எண்ணெ சோறு மாதிரி. இதோட வாய்க்கு மட்டும் வெசம்" என்பாள்.

அந்த மெசின் கையில் இருக்கும்வரைதான் அவள் பட்டறையில் ரஜனி அக்கா. மதியத்தில் மேசையில் இருந்து சாப்பிடலாம், முதலாளி ஓடர் பற்றி அவளோடு கதைப்பார், சாமான் ஏற்ற வருகிற லொறிக்காரன்கூட மரியாதையாகக் கூப்பிடுவான். அது போனால் பழையபடி தும்புத்தடியும் சாக்கும், "ஏய், இஞ்ச கூட்டு" என்ற குரலும்தான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில் பட்டறைக்குள் நுழையும்போது முதலில் மெசின் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள், ஏதோ இரவோடு இரவாகக் கால் முளைத்து ஓடிவிடும் என்பது போல.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசைக்கு மெசின்கள் எல்லாவற்றையும் துடைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். வைத்தால் பிறகு ஒருவரும் கை வைக்கக் கூடாது. அடுத்த நாள் விஜயதசமி. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது போல மெசினுக்கும் வேலை தொடக்க வேண்டும். புதுப் பலகை ஒன்றில் ரவுட்டரால் ஒரு பிள்ளையார் சுழி வெட்டுவார்கள், அதுதான் முதல் வேலை. அந்த முதல் வேலை முடியும் மட்டும் பூசையில் வைத்த மெசினுக்கு ஸ்பனர் போடக் கூடாது. இந்தச் சட்டம் எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள். சாத்திரம் எழுதியவர் ரவுட்டரைக் கண்டிருக்க மாட்டார்.

மற்ற வருடங்களில் ரஜனி முன்னமே பிட்டைப் பூட்டி வைப்பாள், கோயிலிலிருந்து ஐயர் வருவார், மோட்டரின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைப்பார், போவார். சுழி வெட்டுவது ரஜனி. இந்த வருடம் முதலாளியின் மகன் லவன் மெல்பேணில் படித்து முடித்து வந்திருந்தான். பட்டறையை இனி அவன்தான் பார்க்கப் போகிறான், ஆகவே சுழியும் அவன் கையால்தான் வெட்டுப்பட வேண்டும் என்று முதலாளியின் மனைவி சிவமணி சொல்லிவிட்டார். லவன் நல்ல பிள்ளை, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வந்த கையோடு ரஜனியிடம், "அக்கா, எனக்கும் இதை முறையாப் பழக்கிவிடுங்கோ" என்று கேட்டவன். "பூச முடியட்டும் தம்பி, மொதல்ல இருந்து சொல்லித் தாறேன்" என்று அவளும் சொன்னாள். சுழி தன் கையை விட்டுப் போகிறதே என்று நெஞ்சுக்குள் சுருக்கென்று இருந்தது. வெளியில் காட்டவில்லை.

பூசையன்று பட்டறைக்கு வந்த சிவமணி, ஐயரை நம்பி விடவில்லை. இவ்வளவு காலமும் கடமைக்குத்தான் பூசை நடந்திருக்கிறது என்று அவருக்கு மனக்குறை. மகன் தொடங்கப் போகிற தொழில், குறை வைக்கலாமா? பூவும் மாலையும் வாங்க ரஜனியை ஜிந்துப்பிட்டிக்கு அனுப்பிவிட்டு, பிட்டுகளை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, விக்கிரகத்துக்குச் செய்வது போல ஒவ்வொன்றுக்கும் நல்லெண்ணெய்க் காப்பு வைத்து, சந்தனம் அப்பினார். மெசின் மூளியாக இருக்கக் கூடாதே என்று ஒரு பிட்டை எடுத்துப் பூட்டச் சொன்னார். ரவுட்டரை ஒருநாளும் பூட்டியறியாத முத்துலிங்கம், அம்மா சொன்னால் சரி என்று எண்ணெயும் சந்தனமுமாகப் பிட்டை உள்ளே சொருகி நட்டை இறுக்கி வைத்தார். ரஜனி மாலைகளோடு திரும்பி வந்தபோது மெசின் பட்டுத்துணிக்கு மேலே கொலு வீற்றிருந்தது. சாம்பிராணிப் புகைக்குள் பிட்டின் நுனி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

விஜயதசமி காலையில் மெசினைத் தூக்கி மேசையில் வைத்ததும் ரஜனியின் கண் கொலெட்டுக்குத்தான் போனது. நட்டின் விளிம்பில் ஈரமாக மினுங்கியது. எண்ணெயில் குழைந்த சந்தனம் உள்ளேயிருந்து பிதுங்கியிருந்தது. 

"அம்மா, பிட்டுல எண்ணெ பூசினீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம். காப்பு வைச்சுச் சந்தனம் பூசித்தான் முத்துலிங்கத்தைக் கொண்டு பூட்டுவிச்சனான். இவ்வளவு காலமும் ஒருத்தரும் முறையாச் செய்யேல்ல" என்றார் சிவமணி.

"ஒருக்கா கழட்டித் தொடச்சிட்டுப் பூட்டிர்றேங்க. வழுக்கும்."

சிவமணியின் முகம் மாறிவிட்டது. "சாமிக்கு வைச்சதைத் துடைக்கிறதோ? முதல் வேலைக்கு முன்னம் கழட்டுறதோ? நல்ல நாளும் அதுவுமா என்ன கதை கதைக்கிறாய்?"

ரஜனி முதலாளியைப் பார்த்தாள். மரத்தோடும் மெசினோடும் தலை நரைத்த மனுசன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு மனைவியைப் பார்த்தார், பிறகு ரஜனியைப் பார்த்துச் சிரித்தார். "சின்னச் சுழிதானே, ரஜனி. தொட்டுட்டு எடுக்கிற வேலை. ஒண்டும் வராது."

பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கியிருக்க வேண்டியதுதானே என்று இப்போது யாரும் சொல்லலாம். பட்டுச் சேலைக்கும் வேட்டிக்கும் கற்பூரத் தட்டுக்கும் நடுவில், முதலாளியம்மா அதட்டிய பிறகு, கூட்டுகிறவளாக வந்த ஒருத்தி கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்குவது லேசான காரியம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் போய்ச் செய்து பார்க்கட்டும். ரஜனி செய்யவில்லை. லவனுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிங்க தம்பி, என்ன வந்தாலும் கைய எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பலகையை மேசையோடு இறுக்குகிற கிளாம்ப்புகள் மாலை போட்டுக்கொண்டு சாமிக்கு முன்னால் இருந்தன. அவற்றுக்கும் முதல் வேலை முடிய வேண்டுமாம். முத்துலிங்கம் பலகையின் ஒரு தலைப்பைக் கையால் அமத்திக்கொண்டார். லவன் சுவிட்சைப் போட்டான். சுழியின் வளைவு அழகாகத்தான் தொடங்கியது. சிவமணி கைகூப்பினார், முதலாளி போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். வளைவு பாதியைத் தாண்டும்போது சத்தம் மாறியது. சீறிக்கொண்டிருந்த மெசின் உறுமத் தொடங்கியது. பிட் இறங்குகிறது என்று ரஜனிக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "நிப்பாட்டுங்க" என்று அவள் கத்தி முடிக்க முன்னம் பிட் பலகைக்குள் ஆழப் புதைந்து, பலகை முத்துலிங்கத்தின் கையிலிருந்து பறிந்து சுழன்றது. ஓடுகிற பலகையைப் பிடிக்க லவன் இடது கையை நீட்டினான். யாருக்கும் அப்படித்தான் கை போகும்.

பிளக்கைப் பிடுங்கியது ரஜனி. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டியதும் ரஜனி. மற்றவர்கள் அலறிக்கொண்டு நின்றார்கள். சிவமணி பூ வைத்த தட்டோடு அப்படியே தரையில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ செய்து பார்த்தார்கள், சுட்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது என்றார்கள்.

இனி நடந்தது எப்படி நடந்தது என்று யோசித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பட்டறையில் ஒரு வாய்கூட எண்ணெய் என்ற சொல்லைச் சொல்லவில்லை. முத்துலிங்கம் பிட்டைப் பூட்டிய கதையையே மறந்துவிட்டார். சிவமணியின் தங்கச்சி தெஹிவளையில் இருக்கிறார், அவர் ஒரு சாத்திரியாரிடம் ஓடியிருக்கிறார். சாத்திரியார் சோழியை உருட்டிவிட்டு, பூசையில் தீட்டுப் பட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பூசை நடந்த இடத்தில் நின்ற பெண்கள் யார் யார்? சிவமணிக்கு அந்த வயது கடந்துவிட்டது. மிச்சம் ரஜனிதான். அவ்வளவு போதாதா? அடுத்த நாளே அந்தக் கதை பட்டறைக்குள் வந்துவிட்டது. அவள் தண்ணீர் குடிக்கிற கோப்பையை நகர்த்தி வைத்தார்கள். முத்துலிங்கம் ஒருநாள் நேராகவே கேட்டார். "பிள்ளை, குறை நினைக்காத. நீ அண்டைக்குச் சுத்தமாத்தான் வந்தனியோ?"

"சுத்தமாத்தான் வந்தேங்கண்ணே. நீங்கதான் எண்ணெயோட பிட்டப் பூட்டினீங்க" என்றாள் ரஜனி.

முத்துலிங்கம் பிறகு அவளோடு கதைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அவள் அன்றைக்குத் தலைக்குக் குளித்து, துவைத்த சேலை உடுத்து, ஒரு குறையும் இல்லாமல்தான் வந்தாள். அதை எப்படி நிரூபிப்பது? ஒரு பெண்ணிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அவள் என்ன பதில் சொன்னாலும் ஒன்றுதான்.

ஒரு மதியம், எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் முதலாளி பட்டறைக்கு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு ஒருவரும் தொடாமல் சாக்கால் மூடியிருந்த ரவுட்டரை எடுத்து மேசையில் வைத்து, ஸ்பனரைக் கேட்டார். ரஜனி கொடுத்தாள். நட்டைத் தளர்த்திப் பிட்டை உருவினார். காம்பைச் சுற்றி எண்ணெயும் சந்தனமும் சூட்டில் கருகிப் பழுப்பாக ஒட்டியிருந்தன. வழுக்கி வழுக்கிச் சுழன்ற இடத்தில் வளையம் வளையமாகக் கீறல்.

"கண்டனியோ?" என்று கேட்டார்.

"கண்டேங்க மொதலாளி. அன்னைக்கே சொன்னேங்களே."

"ஓம். சொன்னனீ."

அந்த ஒரு சொல்லுக்கு அவளுடைய கண் நிறைந்துவிட்டது. இவருக்காவது தெரிகிறதே என்று நெஞ்சு இளகிப் போனது. பேதை. அவர் தின்னர் போத்தலை எடுத்தார். துணியை நனைத்துக் காம்பைத் துடைத்தார். கொலெட்டைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்தார். கீறல் விழுந்த பிட்டைத் தாளில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். அவள் செய்வது போலவே, ஒரு துளி மிச்சம் வைக்காமல், நிதானமாகச் செய்தார்.

"லவன்ர அம்மா சாப்பிடுறேல்ல, ரஜனி. படுக்கிறதும் இல்லை" என்றார் துடைத்துக்கொண்டே. "அவ அந்த எண்ணெயை வைச்சது பிள்ளைக்கு நல்லா வரவேணும் எண்டு. அதாலதான் விரல் போனது எண்டு தெரிஞ்சா அவ உயிரோட இருக்க மாட்டா."

"அதுக்கு நா என்னங்க செய்யணும்?"

"ஒருக்கா வீட்டை வா. அண்டைக்கு உனக்குச் சுகமில்லாமல் இருந்தது, தெரியாமல் வந்து மெசினைத் தொட்டிட்டன் எண்டு அவவுக்குச் சொல்லு. தோசம் போக ஒரு கழிப்புச் செய்வம். அதோட எல்லாம் முடிஞ்சுது."

ரஜனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காதுகள் சுட்டன. செய்யாத ஒன்றை, அதிலும் இப்படி ஒன்றை, ஆண்கள் இருக்கிற வீட்டில் போய்த் தன் வாயால் சொல்வதா?

"சொல்லாட்டிங்க?"

"சொல்லாட்டில் அவ உன்னை இஞ்ச விடமாட்டா. நான் எத்தினை நாளைக்கு அவவோட மல்லுக்கட்டுறது? சொன்னியெண்டால், மெசின் உன்ர கையிலதான். அதுக்கு நான் பொறுப்பு. என்ர பிள்ளையில ஆணை."

பிள்ளையில் ஆணை வைத்த மனுசனை நம்பாமல் என்ன செய்வது? வீட்டில் பிரதீஸிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டுக் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள், கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் த்ரீவீலின் சீட்டைத் துடைத்துக்கொண்டே, "ஒரு வார்த்ததானே. சொல்லிட்டு வந்து வேலயப் பாரு" என்றான். ஒரு வார்த்தையாம். வாய் அவனுடையதா என்ன?

வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு அவள் ஒரு ஞாயிறு காலை போனாள். லிஃப்டில் ஏறும்போதுகூட, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். திரும்பினால் திங்கட்கிழமை பட்டறையில் யார் அவளை மெசினுக்குக் கிட்ட விடுவார்கள்? கதவைத் திறந்தவர் முதலாளி. "வா பிள்ளை" என்றார், என்றுமில்லாத அன்போடு. ஹோலில் சிவமணி இருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. அதைக் கண்டதும் ரஜனிக்கு உண்மையாகவே மனம் உருகியது. நின்றபடியே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பாடமாக்கி வந்ததைச் சொன்னாள்.

"அம்மா, மன்னிச்சிருங்க. அன்னைக்கு எனக்கு வீட்டுக்குத் தூரம். தெரியாம வந்துட்டேன். மெசினத் தொட்டுட்டேன்."

 சிவமணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார், நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒன்று உருண்டு போனது போல அழுதார்.

"நான் என்ன பிழை விட்டன், என்ன பிழை விட்டன் எண்டு என்னையே கேட்டுக் கேட்டுச் செத்துக்கொண்டிருந்தனான், பிள்ளை" என்றார். "நீ இதை முன்னமே சொல்லியிருக்கலாம்."

"ஆமாங்கம்மா."

"சரி. நீயும் தெரியாமல்தானே செய்தனீ. உன்னை நான் சபிக்க மாட்டன். வேலையால நிப்பாட்டவும் சொல்லமாட்டன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் நெடுநாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது. "ஆனா இனி அந்த மெசினில பொம்பிளையள் கை வைக்க வேண்டாம். முத்துலிங்கம் செய்யட்டும். நீ முந்தின மாதிரிக் கூட்டுற வேலையைப் பார்."

ரஜனி முதலாளியைப் பார்த்தாள். இதோ இப்போது சொல்வார், இதோ வாயைத் திறக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ஜன்னலால் கடலைப் பார்த்தார். கீழே கரையோர ரயில் ஒன்று தெஹிவளைப் பக்கம் போனது. அதன் சத்தம் அடங்கும் மட்டும் காத்திருந்தவர் போல, "அதுவும் சரிதான். கொஞ்சக் காலத்துக்கு அப்பிடி இருக்கட்டும்" என்றார்.

"மொதலாளி, நீங்க சொன்னீங்களே" என்றாள் ரஜனி.

"என்ன சொன்னனான்?"

அதற்குப் பிறகு அவளால் அடக்க முடியவில்லை.  "அம்மா, நா சொன்னது பொய்யிங்க. எனக்கு அன்னைக்கு ஒன்னுமில்ல. நீங்க பிட்டுல பூசின எண்ணெதான் வழுக்குச்சு. கழட்டித் தொடைக்கிறேன்னு அன்னைக்கு ஒங்க முன்னாலதானே கேட்டேன்? மொதலாளிக்கும் தெரியும். அவருதான் இப்பிடிச் சொல்லச் சொன்னாரு, சொன்னா மெசின் என் கையிலயே இருக்கும்னாரு."

சிவமணி மெல்ல எழுந்தார். "கேட்டீங்களோ?" என்றார் கணவரிடம். "மெசின் இல்லையெண்ட உடன என்ன கதை கதைக்கிறாள் எண்டு கேட்டீங்களோ? என்ர பிள்ளையின்ர கையை நான்தான் வெட்டினனாம்."

உள்ளறைக் கதவு திறந்தது. லவன் நின்றான். இடது கை கட்டோடு நெஞ்சில் தொங்கியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று முகம் சொன்னது. ரஜனிக்கு உயிர் வந்தது. இவன் படித்த பிள்ளை, கெட்ட எண்ணம் இல்லாதவன், மெசினைப் பற்றி அவளிடம் கேட்டவன். மெசினைக் கழற்றிப் பார்க்கச் சொல்வான்.

அப்படித்தான் கேட்டான். "அப்பா, நீங்கள் மெசினைக் கழட்டிப் பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான்" என்றார் சவுந்தரநாயகம். மகனின் கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "அம்மா பூசின எண்ணெய் கொலெட்டுக்குள்ள இறங்கவே இல்லை. துடைச்ச மாதிரிச் சுத்தமாக் கிடக்கு. நீயும் போய்ப் பார்."

 லவன் ரஜனியின் பக்கம் திரும்பினான். அவனுக்குக் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்கள் பொய் சொல்லுவீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல, அக்கா" என்றான்.

"நானும் நெனைக்கல, தம்பி" என்றாள் ரஜனி.